பனி தாங்கும், மழை தாங்காது

எடின்பரோ வேவர்லி ரயில் நிலையத்திலிருந்து ராயல் பொட்டானிக் தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும். பேருந்துக் கட்டணம் இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல். வழி பெரும்பாலும் இறக்கம் என்பதால் நடந்தே போனேன். அக்டோபர் நடுவில் ஒரு காலை. கேனன்மில்ஸ் பகுதியில் லீத் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இன்வர்லீத் ரோவில் திரும்பியபோது லேசாகத் தூறத் தொடங்கியது. சட்டையை நனைக்காது, ஆனால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த மாதத்தில் இங்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்க வருகிறார்கள். மேப்பிள் இலைகள் சிவக்கும் நேரம் இது. எனக்கு வேண்டியதோ தரையோடு கிடப்பவை. மரம் வளரும் எல்லைக்கும் மேலே, உச்சிமலைகளில் வாழும் ஆல்பைன் செடிகளையும், எல்லாம் முடங்கும் பருவத்தில் பூக்கிற செடிகளையும் இங்கே எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். “அக்டோபரில் பாறைத் தோட்டத்தில் என்ன இருக்கும்? மே மாதம் போங்கள்” என்றார் ஒரு நண்பர். “அவை குளிர்நாட்டுச் செடிகள், குளிர் இருந்தால் தானாக வளரும்” என்றார் இன்னொருவர். இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்.

பத்து மணிக்குக் கிழக்கு வாயில் திறந்தது. தோட்டத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. 1670-இல் ராபர்ட் சிபால்ட், ஆண்ட்ரூ பால்ஃபர் என்ற இரு மருத்துவர்கள் ஹோலிரூட் அரண்மனை அருகே ஒரு சிறு மூலிகைத் தோட்டமாகத் தொடங்கியது இது. 1820-களில் இன்வர்லீத்துக்கு இடம் மாறியது. இன்று பரப்பு 70 ஏக்கர். அவ்வளவையும் சுற்ற எனக்கு நோக்கம் இல்லை.

உள்ளே சிறிது தூரம் போனதுமே ஒரு பெரிய மரத்தடியில் நின்றுவிட்டேன். வேர்கள் புடைத்துக் கிடக்கும் அந்த நிழலில் புல்கூட இல்லை. அங்கே விரல் உயரத்துக்கு இளஞ்சிவப்புப் பூக்கள், நடுநடுவே வெள்ளை. ஐவி இலைச் சைக்ளமென். இதழ்கள் ஐந்தும் பின்னோக்கி மடங்கி நிற்க, பூவின் வாய் தரையைப் பார்க்கிறது. பல பூக்களுக்குப் பக்கத்தில் ஓர் இலைகூட இல்லை. மண்ணிலிருந்து நேராகக் காம்பு எழுந்திருக்கிறது. குனிந்து தேடினால் அப்போதுதான் முளைவிடும் இலைகள், பச்சையில் வெள்ளிக் கோலத்தோடு, ஒன்றைப் போல இன்னொன்று இல்லாமல்.

இதன் ஊர் தெற்கு ஐரோப்பாவும் துருக்கியும். அங்கே கோடையில் மழை கிடையாது. மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கிவிட்டு, முதல் மழை வரும் பருவத்தில் பூவைத்தான் முதலில் அனுப்பும். பிறகு இலை வரும். குளிர்காலம் முழுதும் அந்த இலையால் சோறாக்கிக்கொண்டு, கோடை வந்ததும் மறுபடி அடங்கிவிடும். மரத்தடியில் இதை வைத்திருப்பதற்குக் காரணம் புரிந்தது. கோடையில் மரம் மண்ணின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக் காயவைக்கிறது. மற்ற செடிகளுக்கு ஆகாத அந்த வறட்சிதான் இதற்கு வேண்டியது. முதலில் பூத்து முடித்தவற்றைத் தேடினேன். அவற்றின் காம்பு சுருண்டு சுருண்டு காயைத் தரைக்கே இழுத்து வந்திருந்தது. உள்ளே பழுக்கும் விதைகளின் மேல் இனிப்பான பிசுக்கு இருக்கும். அதற்காக எறும்புகள் விதையை இழுத்துப் போய் வேறிடத்தில் போடும். தாய்க் கிழங்கிலிருந்து எட்டடி தள்ளி, நடைபாதைக் கல்லின் விளிம்பில் தனியாக ஒரு பூ நின்றது. அதை யாரும் நட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்து புல்வெளி ஓரத்தில் ஊதா நிறத்தில் பெரிய கிண்ணப் பூக்கள். சில கவிழ்ந்து விழுந்து கிடந்தன. எனக்கு முன்னால் போன ஒரு தம்பதி “குரோக்கஸ்” என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பெயர்ப்பலகை கோல்ச்சிக்கம் என்றது. பலகை இல்லாமலும் கண்டுபிடிக்கலாம்: பூவுக்குள் மகரந்தத்தாளை எண்ண வேண்டும். குரோக்கஸுக்கு மூன்று, கோல்ச்சிக்கத்துக்கு ஆறு. மண்டியிட்டு எண்ணினேன், ஆறு.

இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. குரோக்கஸ் இனத்தில்தான் குங்குமப்பூ வருகிறது. கோல்ச்சிக்கத்தில் கிழங்கு முதல் விதை வரை எல்லாமே நஞ்சு. வசந்தத்தில் இது விடும் இலையைக் காட்டுப்பூண்டு என்று நினைத்துச் சமைத்து இறந்தவர்கள் ஐரோப்பாவில் உண்டு. அந்த நஞ்சின் பெயர் கோல்ச்சிசின். அளவோடு கொடுத்தால் கீல்வாத வலிக்கு மருந்து. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதிலும் அதே கோல்ச்சிசின் இருக்கிறது. திண்டுக்கல், கரூர்ப் பக்கத்து விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அதைக் கம்பிப் பந்தலில் ஏற்றி விதை எடுப்பது அந்த மருந்துக்காகத்தான். கொடியேறி நெருப்பு நிறத்தில் பூக்கும் அதற்கும், இலையே இல்லாமல் ஈரப் புல்லில் நிற்கும் இதற்கும் தோற்றத்தில் ஓர் ஒற்றுமையும் தெரியவில்லை. ஆறு மகரந்தத்தாள் மட்டும் இரண்டிலும் உண்டு.

அங்கிருந்து சில நிமிட நடையில் பாறைத் தோட்டம். 1871-இல் ஜேம்ஸ் மெக்நாப் போட்டதை, ஐசக் பெய்லி பால்ஃபர் இயக்குநராக இருந்தபோது 1908 முதல் முற்றாக மாற்றிக் கட்டினார்கள். மேடும் பள்ளமுமாக மணற்கல் பாறைகள், இடையில் ஒற்றையடிப் பாதை, ஓர் ஓடை, சரளைக் கற்கள் சரிந்து கிடக்கும் சரிவுகள். மொத்தம் 5,000-க்கும் மேற்பட்ட செடிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து. அதில் உள்ள எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் அந்தச் செடி தோட்டத்துக்கு வந்த ஆண்டைக் குறிக்கும். அது தெரிந்த பிறகு ஒவ்வொரு தகட்டையும் குனிந்து படிக்காமல் நகர முடியவில்லை. நான் பிறப்பதற்கு முன்பே வந்து சேர்ந்து இன்னும் ஒரு சாணுக்கு மேல் வளராதவை பல.

“அக்டோபரில் என்ன இருக்கும்” என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடைத்தது. ஒரு பாறையின் முகம் முழுக்க இமயமலைப் பெர்சிகேரியா படர்ந்து, விரல் நீளத்துக்கு ரோஜா நிறக் கதிர்களை நிமிர்த்தியிருந்தது. வடக்குப் பார்த்த நிழல் மூலையில் ஜப்பானிலிருந்து வந்த சாக்ஸிஃப்ரேஜ், வெள்ளைப் பூ. அதன் ஐந்து இதழும் சமமில்லை. கீழே தொங்கும் இரண்டு மட்டும் மற்றவற்றைவிட நீண்டிருக்கின்றன. ஓடைக்கரையில் தென்னாப்பிரிக்காவின் ஹெஸ்பெராந்தா, ஈரத்தில் கால் வைத்தபடி சிவப்பாகப் பூத்திருந்தது.

நான் தேடி வந்தது இவற்றில் இல்லை. நீலப் பூ விடும் சைனோ-ஆர்னாட்டா ஜென்ஷியனைத் தேடினேன். கிடைத்தது; ஆனால் பூவாக இல்லை. புல் மாதிரி ஒல்லியான இலைகள் தரையில் பரவியிருக்க, மேலே நூற்றுக்கணக்கில் மொட்டுகள். ஒவ்வொன்றும் மடக்கிய குடை போல இறுக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றது. வெளிப்புறத்தில் வெளிர் மஞ்சளும் கரும் ஊதாவும் பச்சையுமாக நீளவாக்கில் கோடுகள். நீலம் எங்கேயும் இல்லை. “மேகமாக இருந்தால் திறக்காது” என்றது ஒரு குரல். சற்றுத் தள்ளி ரப்பர் முட்டுப்பாயில் மண்டியிட்டிருந்த தோட்டப் பணியாளர் ஒருவர், அறுபதை நெருங்கும் பெண்மணி.

இந்தச் செடி ஸ்காட்லாந்து வந்த கதை இதே தோட்டத்தோடு கட்டுண்டது. ஃபால்கர்க்கில் 1873-இல் பிறந்த ஜார்ஜ் ஃபாரஸ்ட் இங்கே உலர்தாவரக் கூடத்தில் வேலை பார்த்தவர். லிவர்பூல் பஞ்சு வணிகர் ஏ. கே. புல்லி சீனாவுக்கு அனுப்ப ஆள் கேட்க, இயக்குநர் பால்ஃபர் ஃபாரஸ்டைக் காட்டினார். 1904-இல் கிளம்பியவர் அடுத்த ஆண்டே திபெத் எல்லையில் நடந்த கலவரத்தில் சிக்கிக்கொண்டார். கூட வந்தவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். இவர் மலைகளில் நாள்கணக்கில் பட்டினியோடு ஒளிந்து, காலில் மூங்கில் முளை குத்தி, உயிர் பிழைத்து வந்தார். அதோடு நிற்காமல் 1932-இல் சீனாவின் யுனானிலேயே இறக்கும்வரை மொத்தம் ஏழு பயணங்கள். இந்த ஜென்ஷியனின் விதை 1910-இல் அவர் வழியாக அங்கிருந்து வந்தது. இன்று ஸ்காட்லாந்தின் எத்தனையோ வீட்டுத் தோட்டங்களில் இது இருக்கிறது.

பணியாளர் என்ன செய்கிறார் என்று நின்று பார்த்தேன். மரத்திலிருந்து விழுந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். பாதையில் கிடந்ததைத் தொடவில்லை. மெத்தை மெத்தையாகக் கிடக்கும் குட்டைச் செடிகளின் மேல் ஒட்டியிருந்தவற்றை மட்டும், சில இடங்களில் இடுக்கியால். ஏன் என்று கேட்டேன். “ஓர் இலை ஒரு வாரம் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், அடியில் அழுகிவிடும்” என்றார். குளிருக்கு எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, “குளிருக்கு எதுவும் செய்வதில்லை. மழைக்குத்தான் எல்லாம்” என்றார்.

சொன்னது சரியா என்று தரையில் பார்த்தேன். செடிகளின் கழுத்தைச் சுற்றி எங்குமே மண் தெரியவில்லை. சுண்டுவிரல் நகம் அளவுக் கூர்ங்கல் பொடி பரப்பியிருக்கிறது. ஓரிடத்தில் விலக்கினேன், இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழம். மேலே உள்ள கற்கள் தூறலில் நனைந்திருந்தாலும் நீர் தங்கவில்லை, உடனே கீழே போய்விட்டது. அடியில் உள்ளதும் தோட்டத்து மண் கிடையாது; பாதிக்கு மேல் மணலும் சரளையும்தான். இலையும் தண்டும் சேருமிடம் ஈரத்தில் உட்காரக் கூடாது. எல்லா ஏற்பாடும் அதற்காகத்தான்.

எடின்பரோவின் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் ஏறக்குறையப் பாதி. அளவைப் பார்த்தால் இது வறண்ட ஊர். ஆனால் சென்னை மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும்; பிறகு வெயில் காயவைக்கும். இங்கே மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்கிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உலர்த்துகிற வெயிலும் இல்லை. உச்சிமலையில் அந்த மாதங்களில் செடியின் மேல் பனி மூடிக் கிடக்கும். பனிக்கு மேலே மைனஸ் இருபது டிகிரி என்றாலும் அடியில் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். நீர் உறைந்திருப்பதால் ஈரமும் கிடையாது. செடி உலர்ந்து உறங்கும். அதே செடி இந்த ஊரில் நான்கு மாதம் ஐந்து டிகிரி ஈரத்தில் நின்றால் அழுகிச் சாகும். “குளிர் இருந்தால் தானாக வளரும்” என்ற பேச்சு இங்கேதான் உடைகிறது.

பாறைத் தோட்டத்திலிருந்து ஆல்பைன் முற்றத்துக்குப் போனேன். கல்லைக் குடைந்த பழைய தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் கால்நடைக்கு நீர் காட்டியவை. இங்கிலாந்தில் தோட்டக்கலைஞர் கிளாரன்ஸ் எலியட் இவற்றில் ஆல்பைன் செடி வைத்துக் காட்டிய பிறகு இது வழக்கமானது. இன்று கல் தொட்டி வாங்குவது பலருக்குக் கட்டுப்படியாகாது. சிமென்ட், மணல், பீட் கலந்து வீட்டிலேயே வார்த்துக்கொள்கிறார்கள். இங்கே ஒவ்வொரு தொட்டியும் செங்கல் உயரத்துக்குத் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. குனிந்து அடியில் பார்த்தேன்: துளை அடைபடாமல் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் பழைய ஆல்பைன் வீடு. கண்ணாடி வீடு என்றதும் உள்ளே கதகதப்பாக இருக்கும் என்று நினைப்போம். கதவைத் தாண்டியதும் வெளியில் இருந்த அதே குளிர். பக்கவாட்டுச் சன்னல்களும் கூரைச் சன்னல்களும் திறந்தே கிடந்தன. கண்ணாடிக்கு இங்கே ஒரே வேலைதான், மழையைத் தடுப்பது. மேடைகளில் மணல் நிரப்பி, மண்சட்டிகளைக் கழுத்துவரை புதைத்திருக்கிறார்கள். சட்டிக்கு நீர் ஊற்றுவதில்லை, மணலுக்கு ஊற்றுகிறார்கள். நன்றாகச் சுட்ட சட்டி என்றாலும், அதன் சுவர் வழியே கசிகிற ஈரம் வேருக்குப் போதும். இலை நனைவதே இல்லை. ஈரான், ஆப்கானிஸ்தான் மலைப்பாறைகளில் வளரும் டயோனிசியா ஒரு சட்டியில் உள்ளங்கை அகலத்துக்குக் கெட்டியாகக் குவிந்திருந்தது. அதன் மேல் ஒரு சொட்டு நீர் தங்கினாலே அந்த இடம் பழுப்பாகிவிடும். ஒருபுறம் லேசாக அப்படி ஒரு பழுப்பு வட்டமும் தெரிந்தது. அடுத்த மேடையில் கிரேக்கச் சைக்ளமென் பூத்திருந்தது. வெளியே மரத்தடியில் பார்த்ததன் உறவுதான், ஆனால் இதற்குக் கோடையில் வெயில் சுட வேண்டும். ஸ்காட்லாந்துக் கோடை அதற்குப் போதாது என்பதால் கூரைக்குக் கீழே.

2013-இல் கட்டிய புது ஆல்பைன் வீடு சில அடி தள்ளி இருக்கிறது. இங்கே சட்டியே கிடையாது, டூஃபா பாறைதான். சுண்ணாம்பு கலந்த ஊற்று நீர் படிந்து படிந்து உண்டாகும் கல் அது. உள்ளே முழுக்க நுண்துளை. அதில் விரல் பருமனுக்குச் சாய்வாகத் துளை போட்டு, வேர் விட்ட சின்னத் தளிரைச் செருகி, கல்பொடியால் அடைக்கிறார்கள். கல் தன் துளைகளில் நீரைப் பிடித்துவைத்து, வேருக்கு வேண்டியதைக் கொடுக்கிறது. கையை வைத்துப் பார்த்தேன். அடிப்பகுதி சில்லென்று ஈரம், மேற்பகுதி உலர்ந்திருந்தது. செடிகளில் பாதி, கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை.

பன்னிரண்டு மணிக்கும் மேகம் விலகவில்லை. மேற்கு வாயில் பக்கம் நடந்து ஒரு தேநீர் குடித்தேன், மூன்று பவுண்டுக்கு மேல். திரும்பிவிடலாம் என்று எழுந்தபோது சன்னல் மேசையில் வெயில் விழுந்தது. நேராகப் பாறைத் தோட்டத்துக்கு நடந்தேன்.

காலையில் மூடிக் கிடந்த ஜென்ஷியன்களில் வெயில் பட்ட பாதி திறந்திருந்தது. நிழலில் இருந்த பாதி இன்னும் முறுக்கு அவிழாமல் நின்றது. திறந்தவற்றில் அப்படி ஒரு நீலம். குழலின் அடியில் வெளிறத் தொடங்கி, விளிம்புக்கு வரும்போது கடுமையாகிறது. ஐந்து மடல்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் சின்னதாக இன்னொரு மடிப்பு. ஒரு தேனீ உள்ளே நுழைந்து முழுதாக மறைந்து, பின்னால் நடந்து வெளியே வந்தது. நிழல் நகர நகர அடுத்த மொட்டுகளும் அவிழ்வதை நின்று பார்த்தேன். பக்கத்துச் சரிவில் குரோக்கஸும் அதே நேரத்தில் விரிந்தது. உள்ளே மூன்று மகரந்தத்தாள், நடுவில் செந்நிறத்தில் சிலும்பிய சூல்முடி.

அங்கே நின்றபோதுதான் அந்தக் காலையில் பார்த்தவை எல்லாம் இரண்டாகப் பிரிந்தன. சைக்ளமென், கோல்ச்சிக்கம், குரோக்கஸ் மூன்றும் மத்தியதரைக்கடல் பக்கத்தவை: கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை. ஜென்ஷியனும் பெர்சிகேரியாவும் பருவமழை மலைகளைச் சேர்ந்தவை: கோடை முழுக்க மழை, மழை ஓய்ந்ததும் பூ, குளிர்காலத்தில் உலர்ந்த உறக்கம். யுனானில் ஜூன் முதல் பெய்கிற மழை நமக்குத் தெரிந்த அதே தென்மேற்குக் காலத்து மழை. ஒரே அக்டோபர், ஒரே தோட்டம். இரு கூட்டத்துக்கும் தண்ணீர்க் கணக்கு நேர்மாறு. ஜென்ஷியனைச் சைக்ளமென் இருக்கும் மரத்தடியில் வைத்தால் கோடையிலேயே கருகும். சைக்ளமெனை ஜென்ஷியன் பாத்தியில் வைத்தால் கோடை ஈரத்தில் கிழங்கு அழுகும். குளிர் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வெளியேறும் வழியில் கடையில் செடிகள் விற்கிறார்கள். சைக்ளமென் ஐந்து பவுண்டு, ஜென்ஷியன் அதைவிட இரண்டு பவுண்டு கூடுதல். கூர்ங்கல் பொடி மூட்டையும் அருகிலேயே இருந்தது. ஜென்ஷியன் சட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆசை முழுக்க அதன் மேல்தான். ஆனால் என் வீடு லண்டனில். அங்கே குழாய்நீரில் சுண்ணாம்பு அதிகம், இதற்குச் சுண்ணாம்பு ஆகாது. புளிப்பு மண் வேண்டும், கோடையில் மழைநீர் சேமித்து ஊற்ற வேண்டும், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மார்ச்சில் தோண்டி, தடித்த வெள்ளை வேர்களைப் பிரித்து நட வேண்டும். மழைநீர்த் தொட்டி இல்லாத வீட்டுக்கு அதைக் கொண்டுபோவது கொல்வதற்குச் சமம்.

சைக்ளமென்தான் வாங்கினேன். கொல்லையில் ஒரு மரத்தடி, கோடையில் வெடிக்கிற அளவுக்குக் காய்கிற இடம், பல காலமாக எதுவும் பிழைக்காமல் கிடக்கிறது. லண்டனிலோ டொராண்டோவிலோ ஊட்டியிலோ நுவரெலியாவிலோ, குளிர்ந்த ஊரில் தோட்டம் போடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். செடி எத்தனை டிகிரி தாங்கும் என்று கேட்பதற்கு முன்னால், அதன் சொந்த ஊரில் எந்த மாதம் மழை, எந்த மாதம் வறட்சி என்று கேளுங்கள். அதற்குப் பிறகு இடம் தேடுங்கள். நான் வாங்கிய சைக்ளமென் கிழங்குக்கு மேல்புறத்திலிருந்தே வேர் இறங்கும். ஆகவே இரண்டு விரல்கடை ஆழத்தில் வைத்து, மேலே பொடிக்கல்லும் இலைமக்கும் தூவி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை எடுத்துப் போகாமல் இருந்தால் போதும்.